பெரிய வீட்டுச் சொந்தங்கள்

பாண்டி சித்தப்பா: அண்ணனைப் பெரியாஸ்பத்திரில சேத்தாச்சு. ராத்திரி பூரா வாய்க்கால்ல நனஞ்சு கெடந்திருக்கு

முத்துலட்சுமி அத்தை: அய்யோ. பேசுறாகளா

செந்தில்: சித்தப்பா போனை எடுங்க. பஸ்சு இப்பத்தான் விக்கிரவாண்டி டோல்கேட்டு

சரசு பெரியம்மா: வீட்டு தெர்மாமீட்டர்ல லோ லோன்னே காமிச்சுச்சு. பேட்டரி போச்சுன்னு தூக்கிப் போட்டேன். இங்க 31 டிகிரிங்கிறாக

பாண்டி சித்தப்பா: வெறச்சுக் கெடந்துச்சேன்னு காலை அண்டா வெந்நீர்ல வச்சுத் தேச்சுவிட்டேன். எந்திரிச்சு நிக்க வச்சா கண்ணு சொருகிருச்சு. பிரஷரு 70தானாம்

ராஜேஷ் சிங்கப்பூர்: வெந்நீரா 🤦

கவிதா கோவை: சித்தப்பா கோவிச்சுக்கிறாதீக, எல்லாரும் படிங்க. குளிர்ல ஒடம்பு கை கால் ரத்தக்குழாயைச் சுருக்கி, ரத்தத்தை நெஞ்சுப் பக்கமா வச்சுக் காப்பாத்தும். ஒண்ணுக்கும் நெறையப் போகும், அதுல ஒடம்புல நீரு குறைஞ்சிரும். அந்த நேரம் பாத்து காலை வெந்நீர்ல முக்குனா சுருங்குன குழாயெல்லாம் ஒரேயடியா விரியும், இருக்கிற ரத்தமும் காலுக்கு எறங்கிரும். பிரஷர் தொபுக்குனு விழும். கால்ல கெடந்த சில்லுன்ன ரத்தம் இதயத்துக்குத் திரும்புனா உள்சூடு இன்னும் குறையலாம். அதான் மொதல்ல நெஞ்சு, வயித்தைச் சூடாக்குவாக, கூடவே சூடாக்குன சலைனும் ஏத்துவாக. பைய பையத்தான். தேய்க்கக் கூடாது, அலுங்காமத் தூக்கணும், இல்லாட்டி இதயத் துடிப்பு தாறுமாறாயிரும்.

முத்துலட்சுமி அத்தை: 🙏

பாண்டி சித்தப்பா: ரெண்டு மூடி பிராந்தி குடுத்திருந்தா ஏறியிருக்கும்

கவிதா கோவை: அது தோல் குழாயை விரிச்சு இருக்கிற சூட்டையும் வெளிய விட்டுரும் சித்தப்பா

முத்துலட்சுமி அத்தை: அவனுக்கு எல்லாத்துக்கும் அதான் மருந்து

பாண்டி சித்தப்பா: அண்ணனுக்குத்தான் சொன்னேன்

சரசு பெரியம்மா: கவிதா அவுக காலைல போடுற பிரஷர் மாத்திரை என் பையில இருக்கு. குடுத்துறவா

கவிதா கோவை: வேண்டாம் பெரியம்மா!! ஏற்கெனவே 70. டப்பாவை அப்படியே டாக்டர்ட்ட காமிங்க

ராஜேஷ் சிங்கப்பூர்: 31ன்னா ரொம்ப மோசமா

கவிதா கோவை: 35க்குக் கீழ போனாலே ஆபத்துதான். 28க்குக் கீழதான் ரொம்ப மோசம்பாக. 1999ல நார்வேயில பனிக்கட்டிக்கு அடியில மாட்டுன ஒரு டாக்டரம்மா 13.7 வரைக்கும் போயி பொழச்சு வந்தாக

முத்துலட்சுமி அத்தை: பாண்டிகோவிலுக்கு ஒரு கெடா நேந்துக்கிறேன். தை காதுகுத்து என்ன செய்யிறது

ராஜேஷ் சிங்கப்பூர்: டிக்கெட் போட்டாச்சு அத்தை

முத்துலட்சுமி அத்தை: டிக்கெட்டு பெருசாப் போச்சோ

செந்தில்: காதுகுத்தை விடுங்க. நேத்து ராத்திரி யாரு முறைத் தண்ணி? அப்பா ஏன் வயலுக்குப் போனாரு?

செந்தில்: சித்தப்பா

செந்தில்: உங்க முறைதானே

பாண்டி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரசு பெரியம்மா: இப்ப அதுவா முக்கியம் செந்திலு. சூடு 33 வந்துருச்சு. சூடான காத்து ஊதுற போர்வை போட்டிருக்காக. பிரஷரு 90

கவிதா கோவை: நல்லது. இனிமே சூடு ஏற ஏற பிரஷர் மறுபடி எறங்கப் பாக்கும், அதுக்குத்தான் சலைன். பாத்ரூம் போகணும்னு சொன்னாலும் எந்திரிக்க விடாதீக

சரசு பெரியம்மா: இப்பவே வேட்டி எங்கன்னு கேக்குறாக 😭

முத்துலட்சுமி அத்தை: ராத்திரி யாரு கூடப் படுக்கிறது

ராஜேஷ் சிங்கப்பூர்: செந்தில் அண்ணன் வந்துருவாருல்ல

செந்தில்: நாளைக்கு ஆபீஸ். பாப்போம்

பாண்டி சித்தப்பா: பக்கத்து வயக்காரரு போன் மேல போனு போடுறாரு. மடை அடைக்காம கெடக்காம்

பாண்டி சித்தப்பா: மம்பட்டி எங்க மதினி