ஓலெட் திரையில் பதிந்த நிழல்: அனுபவப்பட்டவர்கள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்கு, ஆயர் ஈத்தாமில் வசிக்கிறேன். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் 6,800 ரிங்கிட் கொடுத்து வாங்கிய ஓலெட் தொலைக்காட்சியில், அம்மா நாள் முழுவதும் பார்க்கும் செய்தி அலைவரிசையின் சின்னம் வலது மேல் மூலையில் நிழலாகப் பதிந்துவிட்டது. திரையில் மஞ்சள் நிறம் வரும்போதெல்லாம் அது பழுப்புத் தழும்பாகத் தெரிகிறது.

ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், ஒரே படம் அசையாமல் நிற்கும் இடத்தில் புள்ளிகள் சீக்கிரம் தேய்கின்றன. அந்தத் தேய்மானத்தைச் சரிக்கட்டும் வேலையை, ரிமோட்டில் அணைத்த பிறகும் மின்சாரம் வந்துகொண்டிருந்தால்தான் தொலைக்காட்சி செய்யும். அம்மாவோ கட்டணம் கூடுமே என்று இரவுதோறும் சுவர் சுவிட்சையே அடைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விற்றவர் அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாண்டு உத்தரவாதம் முடிந்துவிட்டதால், திரையை மாற்ற 4,300 ரிங்கிட் கேட்கிறார்கள். தீவிலோ பட்டர்வொர்த் பக்கமோ நியாயமான விலையில் மாற்றித் தரும் கடை உங்களுக்குத் தெரியுமா? சரிக்கட்டும் வேலையை இப்போது தொடர்ந்து ஓடவிட்டால் நிழல் மங்குமா, திரை மேலும் தேயுமா?

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம் என்பதை அறிவேன். இத்தகைய தேய்மானத்துக்காக அங்கே மனுச் செய்தவர்கள் இருந்தால், எந்தெந்த ஆவணங்களைக் கொண்டு சென்றீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்; ரசீதும் உத்தரவாத அட்டையும் என்னிடம் பத்திரமாக உள்ளன.