ஆப்பியா – பாகோ பாகோ: கடிகாரத்தைத் திருப்ப வேண்டுமா, வேண்டாமா?

கடலோடி:
பயண வேடிக்கைகள் என்று வழிப்போக்கன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பசிபிக் தீவு நாடான சமோவாவின் ஆப்பியாவிலிருந்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்குப் போகிறவர்கள் "கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்க வேண்டும்" என்கிறார். தப்பு. நான் 2023 ஜூலையில் போனேன். 12ஆம் தேதி என் பிறந்தநாளை ஆப்பியாவில் கொண்டாடிவிட்டு 13 காலை 10 மணிக்குச் சின்ன விமானத்தில் ஏறினேன். நாற்பது நிமிடத்தில் இறங்கினால் அங்கே 12ஆம் தேதி, 10.40. மறுபடியும் வாழ்த்து, மறுபடியும் கேக். கடிகாரத்தைத் தொடவே இல்லை. நடுவில் சர்வதேசத் தேதிக் கோடு, அவ்வளவுதான். தேதி மாறும், மணி மாறாது.

வழிப்போக்கன்:
ஐயா, நானும் போய் வந்தவன்தான். 2019 ஜனவரி. காலை 10 மணிக்கு ஏறி, முந்தின நாள் 9.40க்கு இறங்கினேன். ஏறிய நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன் என்பதுதான் நான் எழுதிய கதையே. விமான நிலையத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என் கடிகாரத்தின் திருகை இழுத்து ஒரு சுற்று பின்னால் திருப்பினேன். கண்ணால் கண்டதைத் தப்பு என்றால் எப்படி?

கடலோடி:
மணி மாறாது. இரண்டு ஊருக்கும் வித்தியாசம் சரியாக 24 மணி நேரம்.

நாடோடிப்பெண்:
அந்த விமானத்தில் ஏறும் முன் பையோடு சேர்த்து நம்மையும் எடை இயந்திரத்தில் நிறுத்துவார்களே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? எனக்கு அந்தப் பயணத்தில் மறக்காதது அதுதான். எல்லோர் முன்னாலும் எண்ணை உரக்கப் படித்தார்கள். எனக்கு முகமே சிவந்துவிட்டது.

வழிப்போக்கன்:
சின்ன விமானம், பாரத்தைச் சமமாகப் பிரித்து உட்கார வைக்க வேண்டும். அதில் என்ன அவமானம்? 2013இல் சமோவா ஏர் பயணியின் எடையைப் பார்த்துத்தான் கட்டணமே வாங்கியது.

நாடோடிப்பெண்:
எடை பார்த்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. உரக்கப் படித்ததைச் சொன்னேன். எழுதியதைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

கடலோடி:
எடை கிடக்கட்டும். கடிகாரத்துக்குப் பதில் வரவில்லை.

நிலாமுற்றம்:
முதலில் ஒன்றைத் தெளிவாக்குங்கள். பிறந்தநாள் என்றால் நாட்காட்டித் தேதியா, 24 மணி நேரமா? அது தெரியாமல் இரண்டு முறை கொண்டாடினேன் என்றால் என்ன அர்த்தம்?

கடலோடி:
கேக் இரண்டு வெட்டினேன். அர்த்தம் அதுதான். கடிகாரத்துக்கு வாருங்கள்.

வழிப்போக்கன்:
உங்கள் கடிகாரத்தில் தேதிக் கட்டம் உண்டா?

கடலோடி:
இல்லை. இரண்டு முள் மட்டும்.

வழிப்போக்கன்:
தேதியே காட்டாத கடிகாரத்தை வைத்துக்கொண்டுதான் தேதிக் கோட்டைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறீர்களா? போன மாதம், இதே தேதிக் கோட்டின் இருபுறமும் இருக்கும் டயோமீட் தீவுகள் விஷயத்திலும் இதே பிடிவாதம். ரஷ்யத் தீவுக்கும் அமெரிக்கத் தீவுக்கும் 21 மணி நேரம், 21 மணி நேரம் என்று நின்றீர்கள். அலாஸ்காவில் கோடைக்கால நேரம் வந்து கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்தால் 20 ஆகிவிடும் என்று நான் சொன்னதற்கு இன்றுவரை பதில் இல்லை.

கடலோடி:
டயோமீட்டை இழுத்து வந்து தப்பிக்கப் பார்க்காதீர்கள். அங்கே நீங்களும் போனதில்லை, நானும் போனதில்லை. இது நான் போன இடம்.

நிலாமுற்றம்:
நான் தேடிப் பார்த்தேன். சமோவாவிலும் கோடைக்கால நேரம் இருந்தது. செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைப்பார்கள். 2021இல் அதைக் கைவிட்டார்கள். அமெரிக்க சமோவாவில் அந்த வழக்கம் இல்லை. அதனால் 2019 ஜனவரியில் வித்தியாசம் 25 மணி நேரம், 2023 ஜூலையில் 24. இரண்டு பேரும் பார்த்தது உண்மைதான்.

வழிப்போக்கன்:
ஆக, நான் சொன்னது சரி. "தப்பு" என்று எழுதியவர் அதைத் திரும்பப் பெறட்டும்.

கடலோடி:
எதற்கு? "திருப்பி வைத்தேன்" என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். "திருப்பி வைக்க வேண்டும்" என்று எழுதினீர்கள். அதை நம்பி இன்றைக்கு ஒருவர் ஆப்பியாவிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரம் பிந்திப்போய்த் திரும்பும் விமானத்தைத் தவறவிடுவார். மணி மாறாது.

வழிப்போக்கன்:
அப்போது மாறியது.

நாடோடிப்பெண்:
உண்மையான வேடிக்கையை விட்டுவிட்டீர்கள். 2011 டிசம்பர் 29 வியாழன் இரவு தூங்கிய சமோவாக்காரர்கள் 31 சனிக்கிழமை எழுந்தார்கள். நாட்டையே கோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றியதில் வெள்ளிக்கிழமையே இல்லாமல் போயிற்று. 30ஆம் தேதி பிறந்தவர்களுக்கு அந்த வருஷம் பிறந்தநாளே கிடையாது. 1892இல் இதற்கு நேர்மாறு, ஜூலை 4 இரண்டு முறை வந்தது.

கடலோடி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! தேதிதான் போயிற்று, மணி மாறவில்லை.

வழிப்போக்கன்:
2011 டிசம்பரிலும் அங்கே கோடைக்கால நேரம்தான். 25 மணி நேரம். இதையும் தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடலோடி:
நள்ளிரவில் யாரும் முள்ளைத் தொடவில்லை. தேதியை மட்டும் தாண்டினார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று: தொட்டார்களா, இல்லையா?

நாடோடிப்பெண்:
என் எடையை உரக்கப் படித்ததற்கு இன்னும் ஒருவர்கூட எதுவும் சொல்லவில்லை.