எஃப்-14 பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் மட்டும் ரேடார் குறி தாவுகிறது, உதவி தேவைங்க

திருப்பூர் நைட் ஷிப்ட்

வணக்கமுங்க. டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கணினி விமான விளையாட்டில் ஒன்றரை வருடமாக எஃப்-14 டாம்கேட் என்ற இரட்டைச் சீட்டுப் போர் விமானம் ஓட்டுகிறேன். இதுவரை தனி ஆள்தான், பின்சீட்டில் ஜெஸ்டர். தெரியாதவர்களுக்கு, ஜெஸ்டர் என்பது ரேடார் அதிகாரியின் வேலையைக் கணினியே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. சொன்னதைச் செய்வான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். போன மாதம் கோபியில் இருக்கும் என் அத்தை பையனும் அதே மாட்யூலை, அதாவது விளையாட்டில் அந்த விமானத்துக்கான தொகுப்பை, வாங்கிவிட்டான், இரண்டு பேரிடமும் இருந்தால்தான் ஒரே விமானத்தில் ஏற முடியும் என்பதால் நான்தான் நச்சரித்து வாங்க வைத்தேன். வாங்க வைத்த பாவத்துக்கு இப்போது தினமும் திட்டு வாங்குகிறேன்.

பிரச்சினை இதுதான். ரேடாரை டிராக் வைல் ஸ்கேனில் (வானத்தை வீசிப் பார்த்துக்கொண்டே இலக்குகளையும் தொடரும் முறை) வைத்து 40 மைலில் ஃபீனிக்ஸ் ஏவுகணை விடுகிறோம். விடுவதற்கு முன்பே திரையில் எதிரியின் குறி ஒரு இடத்தில் நிற்பதில்லை, சட்டென்று நகர்கிறது, ஒன்று இரண்டாகிறது, பழையது காணாமல் போய்ப் புதிதாக ஒன்று முளைக்கிறது. ஏவுகணை வெறும் வானத்தைப் பார்த்துப் போகிறது. மூன்று ராத்திரியில் பதினொன்று விட்டோம், ஒன்று பட்டது, அதுவும் எதிரியே வந்து மோதிக்கொண்ட மாதிரிதான். ஒற்றை இலக்கில் லாக் போட்டால் மட்டும் ஓரளவு சரியாக இருக்கிறது. ஜெஸ்டருடன் பறந்தால் இப்படி நடந்ததே இல்லை.

செய்து பார்த்தவை: கோப்புகளை ரிப்பேர் செய்தேன், மாட்களை எல்லாம் எடுத்தேன், ரூட்டரை அணைத்துப் போட்டேன். சர்வர் அவன் வீட்டில்தான் ஓடுகிறது, என் லைனில் 10308 போர்ட்டைத் திறந்தும் யாரும் உள்ளே வர முடியவில்லை.

பெருந்துறை ஜாய்ஸ்டிக்

நெட்தான் தம்பி. இரண்டு பேர் ஒரே விமானத்தில் என்றால் முன்னால் நடப்பது பின்னால் போய்ச் சேர வேண்டுமல்லவா, வைஃபையில் பாக்கெட் தொலைந்தால் குறி தாவத்தான் செய்யும். கேபிள் போடுங்கள்.

போர்ட் விஷயம் வேறு. ரூட்டரில் வேன் ஐபி (வெளிப்பக்க இணைய முகவரி) என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் உங்கள் பொது ஐபியைத் தெருவில் பாதிப் பேரோடு பங்கு போட்டிருக்கிறார்கள், நீங்கள் போர்ட்டை எத்தனை முறை திறந்தாலும் அது உங்கள் வீட்டு உள்கதவைத் திறந்துவைப்பது மாதிரிதான், வாசல் கேட் அவர்களிடம். அத்தை பையன் வீட்டிலேயே சர்வர் ஓடட்டும்.

திருப்பூர் நைட் ஷிப்ட்

100.72 என்று காட்டுகிறது. சரி, அது புரிந்தது. கேபிள் இரண்டு பக்கமும் போட்டுவிட்டோம், பிங் 35-ஐத் தாண்டவில்லை, இழப்பு இல்லை. குறி இன்னும் தாவுகிறது.

சூலூர் மொட்டைமாடி

நெட் என்று தோன்றவில்லை. லாக் போட்டால் சரி, ஸ்கேனில் மட்டும் தாவல் என்கிறீர்கள், துப்பு அங்கேதான் இருக்கிறது. மூன்று கேள்வி. ஜெஸ்டருடன் பறக்கும்போது எப்படித் தொடங்குவீர்கள், வானத்திலேயேவா, எஞ்சின் ஓடும் நிலையிலா, எல்லாம் அணைந்த நிலையிலா? இப்போது இரண்டு பேராக எப்படித் தொடங்குகிறீர்கள்? பின்சீட்டில் நேவ் மோட் குமிழ் (வழிகாட்டும் கருவியின் நிலையை மாற்றுவது) எந்த இடத்தில் இருக்கிறது? மூன்றாவதுக்குப் பின்னால் இருப்பவரே பதில் சொல்லட்டும்.

கோபி பின்சீட்டு

நான்தானுங்க அந்தப் பின்சீட்டு. மச்சான் ஜெஸ்டரோடு எப்போதும் வானத்திலேயே தொடங்குவார். என்னோடு என்றால் மட்டும் "நிஜமாகச் செய்யலாம் மாப்ள" என்று எல்லாம் அணைந்த நிலையிலிருந்து. இரண்டு எஞ்சினும் சுற்ற ஆரம்பித்ததும் பிரேக்கை எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார், நான் அப்போதுதான் எந்த சுவிட்ச் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பேன். குமிழை ஜிஎன்டியில் (தரையில் நிற்கும்போது வைப்பது) வைத்தேன், வண்டி நகர்ந்ததும் ஐஎன்எஸ்ஸுக்குத் (பறக்கும்போது வைப்பது) திருப்பிவிட்டேன். ஒரு வீடியோவில் ஐஎன்எஸ்ஸில் இருக்க வேண்டும் என்று பார்த்தேன், அதனால்தான்.

சூலூர் மொட்டைமாடி

கிடைத்துவிட்டது. ரேடாரில் கோளாறே இல்லை, அலைன்மெண்ட், அதாவது வழிகாட்டும் கருவி தன் இடத்தையும் நிலையையும் சரிபார்த்துக்கொள்ளும் வேலை, முடியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன், தெரிந்துகொண்டால் மறக்காது. லாக் போட்டால் ஆன்டெனா ஒரே ஆளைப் பார்த்தபடி நிற்கும். டிராக் வைல் ஸ்கேனில் அப்படியில்லை, அது வானத்தை வீசிப் பார்த்துக்கொண்டே இருக்கும், ஒரு சுற்றுக்கு 2 விநாடி. அடுத்த சுற்று வரும்வரை "இவன் இந்நேரம் இங்கே இருப்பான்" என்று கணினி கணக்குப் போட்டு வைக்கும். கணக்குப் போட முதலில் நம் விமானம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும், அதைச் சொல்வது ஐஎன்எஸ் என்ற அந்த வழிகாட்டும் கருவி. அதுவே தப்பாகச் சொன்னால் ஆடுகிற தூரியில் உட்கார்ந்துகொண்டு சுவரில் இருக்கும் ஆணியைக் குறி வைப்பது போலத்தான், ஆணி நின்ற இடத்தில்தான் நிற்கிறது, நமக்கு அது தாவுகிறது. பழைய இடத்தில் ஆள் இல்லை என்றதும் கணினி புதுக் குறி போட்டுவிடும். உங்கள் ஒன்று இரண்டானது அப்படித்தான்.

வானத்தில் தொடங்கினாலும் எஞ்சின் ஓடும் நிலையில் தொடங்கினாலும் அலைன்மெண்ட் ஏற்கெனவே முடிந்திருக்கும். அணைந்த நிலையில் தொடங்கினால் ஜெஸ்டர் தானே செய்துகொள்வான். ஆள் உட்கார்ந்தால் ஆள்தான் செய்ய வேண்டும். பார்க்கிங் பிரேக் போட்டிருக்க வேண்டும், குமிழ் ஜிஎன்டி, பின்சீட்டின் பெரிய வட்டத் திரையின் மேல்பக்கம் ஒரு குறி இடமிருந்து வலமாக நகரும், நன்றாக முடியச் சுமார் 8 நிமிடம். முடிந்த பிறகுதான் ஐஎன்எஸ். முன்னால் இருப்பவர் நடுவில் பிரேக்கை எடுத்தால் வேலை அப்படியே நின்றுவிடும், முன்சீட்டில் அது பெரிதாகத் தெரியவும் செய்யாது. இதற்கு முன்சீட்டுதான் குற்றவாளி, மன்னிக்கவும் நைட் ஷிப்ட்.

(எங்கள் தலைக்கு மேல் தினமும் போவது தேஜஸ், ஒற்றைச் சீட்டு, எல்லாப் பாரமும் ஒரே மண்டையில். தஞ்சாவூரில் நிற்கும் சுகோய்-30 எம்கேஐ இரட்டைச் சீட்டு. 2024 ஆகஸ்டில் தரங் சக்தி பயிற்சிக்கு வெளிநாட்டு விமானங்கள் சூலூர் வந்தபோது ஒரு வாரம் மாடியைவிட்டு இறங்கவில்லை, வீட்டில் சோறு மேலேயே வந்தது.)

ஈரோடு மஞ்சமண்டி

கப்பலில் இருந்து கிளம்புவதானால் ஜிஎன்டி வேண்டாம் கண்ணு, சிவிஏ. நான் இரண்டு மாதம் கப்பலில் நின்றுகொண்டு ஜிஎன்டி வைத்துவிட்டு விளையாட்டைத் திட்டியவன்.

திருப்பூர் நைட் ஷிப்ட்

ஒப்புக்கொள்கிறேனுங்க, அவசரக்காரன் நான்தான். நேற்று எட்டு நிமிடம் அசையாமல் நின்றோம். குறி ஆணியடித்த மாதிரி நிற்கிறது, நம்பவே முடியவில்லை.

ஆனால் ஏவுகணை இன்னும் பாதிதான் படுகிறது. விட்டவுடன் நான் முழுசாகத் திரும்பி ஓடிவிடுகிறேன், எதிரியும் விடுவான் அல்லவா. அதில் தப்பு இருக்கிறதா?

சூலூர் மொட்டைமாடி

இருக்கிறது. ஆன்டெனா பக்கத்துக்கு 65 டிகிரிதான் திரும்பும். நீங்கள் முதுகைக் காட்டினால் மாப்பிள்ளை எதை வைத்துப் பார்ப்பார்? ஸ்கேனில் விட்ட ஃபீனிக்ஸுக்குக் கடைசி 16 விநாடி வரைக்கும் நாம்தான் வழி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அப்புறம்தான் அது தன் சொந்த ரேடாரைப் போட்டுக்கொள்ளும். பின்சீட்டுத் திரையில் இலக்குக்குப் பக்கத்தில் மீதி விநாடி எண் இறங்கிக்கொண்டே வந்து 16-இல் மின்ன ஆரம்பிக்கும். அதுவரைக்கும் ஒரு 50 டிகிரி மட்டும் ஒருபக்கம் திரும்பி, எதிரியைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு பறங்கள். மின்னியதும் ஓடலாம். எதிரி பக்கவாட்டில் திரும்பிவிட்டால், நெருங்கும் வேகத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கும் டாப்ளர் ரேடாரில் மறைந்துவிடுவான், அது வேறு கதை, அதற்கு யாரையும் திட்ட வேண்டாம்.

முன்சீட்டின் கீழ்த் திரையை டிஐடி (பின்சீட்டின் அந்தப் பெரிய வட்டத் திரை) மோடுக்கு மாற்றினால் அவர் பார்ப்பது உங்களுக்கும் தெரியும். கோபித் தம்பி தனியாக இருக்கும்போது பின்சீட்டில் உட்கார்ந்து ஐஸ்மேனை (முன்சீட்டைப் பார்த்துக்கொள்ளும் கணினி விமானி) ஓட்டச் சொல்லிப் பழகலாம், அவன் சொன்ன திசையில் சொன்ன உயரத்தில் போவான், சண்டையெல்லாம் போடமாட்டான், அலைன்மெண்டுக்கு நடுவில் பிரேக்கையும் எடுக்கமாட்டான்.

கோபி பின்சீட்டு

ஐஸ்மேனோடு இரண்டு நாள் பழகினேன். நேற்று ராத்திரி மச்சானோடு ஆறு விட்டோம், நாலு பட்டது. "இருபது, பத்தொன்பது" என்று நான் எண்ண எண்ண அவர் மூச்சு விடாமல் இருந்தார், "மின்னுது, திருப்புங்க" என்றதும் விமானத்தைக் கவிழ்த்துவிட்டார், எனக்குத் தலை சுற்றியது. மிக்க நன்றிங்க.

இப்போது ஒரே குறைதான். எட்டு நிமிடம் இருக்கிறதே என்று டீ போடப் போய்விடுகிறார், நான் அலைன்மெண்ட் முடித்து உட்கார்ந்திருக்கிறேன், பிரேக் எடுக்க ஆள் இல்லை.