ஷிப்டுக்கு மூன்று தீயணைப்பாளர்கள்: இவர்களை வைத்து என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

இரவுப்பணி:

வணக்கம். ரசாயன ஆலை ஒன்றின் சொந்தத் தீயணைப்புப் பிரிவில் ஷிப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். பிரிவில் மொத்தம் 12 பேர். நான்கு குழுக்கள், குழுவுக்கு மூவர், எட்டு மணி நேர ஷிப்ட். தண்ணீரும் நுரையும் கொண்ட ஒரு வண்டி, காற்றுச் சிலிண்டரோடு முதுகில் மாட்டும் நான்கு மூச்சுக்கருவிகள், ஆலை முழுக்க ஹோஸ் மாட்டித் தண்ணீர் எடுக்கும் ஹைட்ரண்ட் குழாய் என்று சாமான்களுக்குக் குறையில்லை. ஆள்தான் இடிக்கிறது.

மூவரில் ஒருவர் வாட்ச் ரூமில் அலாரம் பலகையையும் தொலைபேசியையும் விட்டு நகர முடியாது. இன்னொருவர் வண்டியோட்டி, அவரேதான் பம்ப் ஆபரேட்டர். மிஞ்சுவது நான். யாராவது விடுப்பில் போனால் அந்த மிச்சமும் இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டும் பொறுப்பும் எங்கள் தலையில்தான். கடந்த ஒத்திகையில் ஹோஸ் மடங்கிக்கொண்டது. அதை நிமிர்த்த பம்ப் ஆபரேட்டர் பம்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். ஒத்திகை அறிக்கையில் "திருப்திகரம்" என்று எழுதியிருக்கிறார்கள்.

"முதல் பத்து நிமிடம் சமாளியுங்கள், பிறகு அரசுத் தீயணைப்பு வண்டி வந்துவிடும்" என்கிறது நிர்வாகம். ஷிப்டுக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் என்று விதி ஏதாவது உண்டா? உற்பத்திப் பிரிவு ஆபரேட்டர்களைக் கணக்கில் சேர்க்கலாமா? தீ என்றதும் ஆலை மேலாளர் வந்து உத்தரவு போட ஆரம்பித்தால் யார் பேச்சைக் கேட்பது?

பழைய_பிராஞ்ச்:

உங்கள் பிரிவு என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறதா? அதைச் சொல்லாமல் ஆள் எண்ணிக்கையைப் பேசினால் பேச்சு முடியவே முடியாது.

பல நாட்டு ஆலைகள் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளும் அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.156, நிறுவனம் நடத்தும் தீயணைப்புப் பிரிவுகளுக்கென்றே எழுதப்பட்டது. அது முதலில் கேட்பது ஓர் அமைப்பு அறிக்கையை. பிரிவின் கட்டமைப்பு, உறுப்பினர் எண்ணிக்கை, பயிற்சியின் வகையும் அளவும் இடைவெளியும், செய்யவேண்டிய பணிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆரம்ப நிலைத் தீயை அணைப்பானால் அணைப்பது ஒரு வேலை. புகை நிரம்பிய கட்டடத்துக்குள் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு நுழைவது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவதைச் செய்கிறோம் என்று அறிக்கையில் எழுதிவிட்டால் பயிற்சி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை போதும்.

ஆள் கணக்கு இங்கேதான் வருகிறது. மூச்சுக்கருவி பற்றிய 1910.134 விதிப்படி, எரியும் கட்டடத்துக்குள் குறைந்தது இருவர் சேர்ந்தே நுழைய வேண்டும்; ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோ குரல் கேட்டுக்கொண்டோ இருக்க வேண்டும். வெளியே இன்னும் இருவர் கருவியோடு தயாராக நிற்க வேண்டும். ஆக நால்வர். வெளியே நிற்பவர்களில் ஒருவர் கட்டளைப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் அவர் மீட்பதற்காக உள்ளே ஓடினால் வேறு எவர் உயிருக்கும் ஆபத்து வரக் கூடாது. பம்ப் ஆபரேட்டர் அந்த நிபந்தனையில் தேறமாட்டார். அவர் பம்பை விட்டால் உள்ளே இருப்பவர்களின் ஹோஸில் தண்ணீர் நின்றுபோகும். எனவே நடைமுறையில் ஐவர். வாட்ச் ரூம் ஆள் இதில் சேர்த்தியே இல்லை.

உங்கள் மூவரை வைத்து உள்ளே நுழையக் கூடாது. இதில் பேரத்துக்கு இடமில்லை.

கொதிகலன்:

விதி புத்தகத்தில் அழகாக இருக்கும். உள்ளே ஒருவர் மயங்கிக் கிடக்கிறார் என்று தெரிந்தால் ஐந்தாவது ஆள் வரட்டும் என்று வாசலில் நிற்பீர்களா?

பழைய_பிராஞ்ச்:

நிற்க வேண்டியதில்லை. முழுக் குழு சேரும் முன்பே அவசர மீட்பில் இறங்குவதை அந்த விதி தடுக்கவில்லை என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. அந்த விலக்கை அன்றாட ஏற்பாடாக மாற்றுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். உயிர் இருக்கிறது என்று தெரிந்து நுழைவது வேறு. ஆளில்லாத கிடங்கில் மூட்டைகளைக் காப்பாற்ற இருவராக நுழைவது வேறு.

ஷிப்ட்_கணக்கர்:

ஆள் கணக்கை நான் போடுகிறேன், நிர்வாகத்துக்கு மொழி இதுதான்.

ஓர் இடத்தில் ஆண்டு முழுவதும் ஒருவர் நிற்க வேண்டுமென்றால் நாளைக்கு 3 ஷிப்ட் வீதம் 1,095 ஷிப்ட். நான்கு குழுச் சுழற்சியில் ஒரு குழுவுக்கு ஆண்டில் ஏறக்குறைய 274 ஷிப்ட் வரும். விடுப்பு, நோய், வெளிப்பயிற்சி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 50 நாள் என்று வையுங்கள். மிஞ்சுவது 224. 1,095ஐ 224 ஆல் வகுத்தால் 4.9. அதாவது ஓர் இடத்தை எப்போதும் நிரப்பி வைக்க ஏறத்தாழ ஐந்து பேர் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும்.

உங்கள் 12 பேரை 4.9 ஆல் வகுத்துப் பாருங்கள்: சராசரியாக இரண்டரை ஆள். காகிதத்தில் மூவர், தரையில் இரண்டரை. திருவிழாக் காலத்திலும் காய்ச்சல் பரவும் காலத்திலும் இருவர். ஷிப்டுக்கு ஐவர் கட்டாயம் என்றால் 25 பேர் தேவை. உங்கள் விடுப்புப் பதிவேட்டை எடுத்து 50 என்ற எண்ணை மட்டும் உண்மை எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் கூட்டல் வகுத்தல்தான்.

இரவுப்பணி:

25 என்று சொன்னால் அறையை விட்டு எழுந்து போகச் சொல்வார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு மாறினால் ஆள் மிஞ்சும் என்று மனிதவளப் பிரிவு ஒரு யோசனை வைத்திருக்கிறது.

ஷிப்ட்_கணக்கர்:

வாரத்துக்கு 168 மணி நேரம். அதை நான்கு குழுக்கள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 42 மணி நேரம். எட்டாக வெட்டினாலும் பன்னிரண்டாக வெட்டினாலும் பணியில் நிற்பது அதே ஒரு குழு, அதே மூவர். குழுக்களை மூன்றாகக் குறைத்தால் குழுவுக்கு நால்வர் கிடைப்பார்கள்; ஆனால் வாரம் 56 மணி நேரம். அது சட்டப்படி செல்லுமா என்பதை மனிதவளப் பிரிவிடமே கேளுங்கள்.

பழைய_பிராஞ்ச்:

கூடுதல் நேரத்தை இன்னொரு காரணத்துக்காகவும் நான் விரும்பவில்லை. அமெரிக்காவில் பணியில் இறக்கும் தீயணைப்பாளர்களின் சாவுக்கு மிகப் பெரிய ஒற்றைக் காரணமாகப் பல ஆண்டுகளாக இருந்துவருவது மாரடைப்பு. நெருப்பும் இடிபாடும் அதற்குப் பிறகுதான். தூக்கம் கெட்ட உடம்போடு கனமான உடையையும் கருவியையும் சுமந்து படியேறுவதை நினைத்துப் பாருங்கள். இதய நோய், வலிப்பு, நுரையீரல் வீக்கம் உள்ளவர் என்று தெரிந்தால் மருத்துவச் சான்று இல்லாமல் அவரை அவசரப் பணியில் சேர்க்கக் கூடாது என்று 1910.156 சொல்கிறது. பல ஆலைகளில் வேறு வேலைக்கு ஆகாதவரைத் தீயணைப்புப் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். இதைவிடக் கொடுமையான நிர்வாக வழக்கம் எனக்குத் தெரியவில்லை.

வால்வு_மனிதர்:

மூன்று பேருக்கும் நான்கு பேருக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பார்கள். 2010இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட ஆய்வைக் காட்டுங்கள். ஒரு வீட்டுத் தீயில் செய்யவேண்டிய 22 வேலைகளை இருவர், மூவர், நால்வர், ஐவர் கொண்ட குழுக்களை வைத்துச் செய்து பார்த்தார்கள். நால்வர் குழுக்கள் மூவர் குழுக்களைவிட 25 சதவீதமும், இருவர் குழுக்களைவிட 30 சதவீதமும் விரைவாக முடித்தன. அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. நகர முழுநேரப் படைகளுக்கு வகுத்த 1710 தரநிலையும் வண்டிக்குக் குறைந்தது நால்வர் என்கிறது. அது ஆலைக்காக எழுதப்பட்டதன்று. ஆனால் பேச்சைத் தொடங்க நல்ல எண்.

ஹோஸின் எடையையும் சொல்லுங்கள். 63 மில்லிமீட்டர் ஹோஸ் 15 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் நிறைந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 47 கிலோ. இரண்டு நீளம் இணைத்தால் 94. தனி ஒருவர் அதை இழுத்துக்கொண்டு பிராஞ்ச் (ஹோஸின் முனையில் தண்ணீர் பீய்ச்சும் குழல்) பிடித்து முன்னேற முடியாது.

இனி ஆபரேட்டர்களைச் சேர்ப்பது பற்றி. சேர்க்கலாம், ஆனால் ஒரே ஆள் இரண்டு பட்டியலில் இருக்கக் கூடாது. உலை நின்றால் வால்வை மூட வேண்டியவரும், தீ என்றால் உங்களிடம் ஓடிவர வேண்டியவரும் ஒருவரே என்றால், ஆலை பற்றி எரியும் அன்று அவர் உங்களிடம் வரமாட்டார், வரவும் கூடாது. அவசர நேரத்தில் கட்டுப்பாட்டு அறைக்குத் தேவையில்லாதவர்களிடமிருந்து மட்டும் ஆள் எடுங்கள்: பராமரிப்பு, கிடங்கு, ஆய்வகம். அவர்களுக்கு அளவுக்கேற்ற உடை, மருத்துவப் பரிசோதனை, ஷிப்ட் நேரத்திலேயே பயிற்சி. முகமூடி தோலோடு ஒட்ட வேண்டும் என்பதால் தாடி வைத்தவரை மூச்சுக்கருவிப் பட்டியலில் எழுத முடியாது. இதைச் சொன்னால் சண்டை வரும், வரட்டும்.

கொதிகலன்:

25 பேரும் கிடைக்கமாட்டார்கள், உள்ளேயும் போகக் கூடாது. அப்படியானால் இந்தப் பிரிவு எதற்கு?

வால்வு_மனிதர்:

மூவர் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. நிலையான நீர்ப்பீரங்கியைத் திருப்பி அருகிலுள்ள தொட்டியைக் குளிர்விக்கலாம். நுரை அமைப்பைத் திறக்கலாம். எரிபொருள் வரும் வழியை மூடச் செய்யலாம். ஆட்களை வெளியேற்றித் தலை எண்ணலாம். எல்லாம் வெளியிலிருந்தே நடப்பவை, கூடுதல் ஆள் கேட்காதவை. நிர்வாகம் ஆளுக்குப் பணம் தராவிட்டால் தானியங்கித் தெளிப்பானுக்கும் தொலைவிலிருந்து மூடும் வால்வுக்கும் கேளுங்கள். வாட்ச் ரூம் அலாரம் பலகையைக் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றினாலே ஓர் ஆள் மிஞ்சுவார்.

எதை அணைக்கப் போகக் கூடாது என்பதையும் எழுதிவையுங்கள். ரசாயன ஆலைக்கு இது மிக முக்கியம். 2013 ஏப்ரலில் டெக்சாசின் வெஸ்ட் என்ற ஊரில் உரக்கிடங்கு தீப்பிடித்து, அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் அவசர உதவிக்கு வந்தவர்கள்.

பழைய_பிராஞ்ச்:

கட்டளை பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லையே.

முதலில் வந்த தீயணைப்புப் பொறுப்பாளர்தான் கட்டளை அதிகாரி. உங்கள் ஷிப்டில் நீங்கள். உங்களைவிடப் பெரிய பதவியில் இருப்பவர் வந்து நிற்பதாலேயே கட்டளை அவர் கைக்குப் போய்விடாது. அதற்கான பயிற்சி பெற்றவராக அவர் இருக்க வேண்டும், நேரில் நின்று நிலவரத்தைக் கேட்டு "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும், அது வயர்லெஸில் எல்லோருக்கும் கேட்க வேண்டும். ஆலை மேலாளருக்கு வேறு வேலை இருக்கிறது: உற்பத்தியை நிறுத்துவது, அக்கம்பக்கத்துக்கு எச்சரிக்கை, வெளியிலிருந்து வருபவர்களுடன் பேச்சு. இதைத் தீ இல்லாத நாளில் அவர் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள்.

ஒருவர் நேரடியாக மேய்க்கக்கூடியது மூன்று முதல் ஏழு பேர், ஐவர் என்றால் உத்தமம். 1970களில் கலிபோர்னியக் காட்டுத்தீக்களின் குழப்பத்திலிருந்து உருவான சம்பவக் கட்டளை முறையின் கணக்கு அது.

உள்ளே போனவர் பெயர், நேரம், சிலிண்டர் அழுத்தம் மூன்றும் வாசலில் ஒரு பலகையில் இருக்க வேண்டும். 6 லிட்டர், 300 பார் அழுத்தச் சிலிண்டரில் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்கிட்டு 45 நிமிடம் என்பார்கள். கடுமையாக உழைக்கிறவர் அதில் பாதியிலேயே தீர்த்துவிடுவார். 1999 டிசம்பரில் மாசசூசெட்சின் வூஸ்டர் நகரில் கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்குக்குள் இருவர் வழி தவறினார்கள். தேடப் போனவர்களில் நால்வர் திரும்பவில்லை. கடைசியில் இனி யாரும் உள்ளே போகக் கூடாது என்று கட்டளை அதிகாரி தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தத் தடையைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று உங்கள் ஆலையில் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஷிப்ட்_கணக்கர்:

"அரசு வண்டி வந்துவிடும்" என்பதற்கு ஒரு கேள்வி: வந்தால் உங்கள் ஹைட்ரண்டில் அவர்கள் ஹோஸ் பொருந்துமா? 1904இல் பால்டிமோர் நகரம் எரிந்தபோது வாஷிங்டனிலிருந்து உதவி வந்து சேர்ந்தது; இணைப்புகள் அளவு மாறி இருந்ததால் பொருந்தவில்லை. ஒரு நாள் அவர்களை அழைத்து மாட்டிப் பார்த்துவிடுங்கள். எந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது என்ற வரைபடம் வாசல் காவலரிடம் இருக்கட்டும்.

இரவுப்பணி:

அனைவருக்கும் நன்றி. அமைப்பு அறிக்கை என்று எதுவும் எங்களிடம் இல்லை. ஆள் எண்ணிக்கையைக் கேட்கும் முன் அதை எழுதித் தருகிறேன். "உள்நுழைவு இல்லை" என்ற வரியை நிர்வாகம் ஒப்புக்கொண்டால் கையெழுத்து, மறுத்தால் 25 பேர் கணக்கு. ஒன்று மட்டும் பாக்கி: நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வெளியே போனால் என்ன செய்வது? அப்போது பம்புக்கு ஆளே இல்லை.

வால்வு_மனிதர்:

அதையும் அறிக்கையிலேயே எழுதுங்கள். பணியில் இருப்பவர் எண்ணிக்கை குறைந்தபட்சத்துக்குக் கீழே போன நொடியிலிருந்து வெல்டிங், கட்டிங் அனுமதிச் சீட்டுகள் செல்லாது, டேங்கர் இறக்குவது நிறுத்தம், ஆம்புலன்ஸ் திரும்பிய பிறகே மீண்டும் தொடக்கம். இதை அறிவிப்பது நீங்கள், நிறைவேற்றுவது கட்டுப்பாட்டு அறையின் ஷிப்ட் பொறியாளர். நிறுத்திய நேரத்தைப் பதிவேட்டில் குறித்துவாருங்கள். இறக்க முடியாமல் டேங்கர் இரண்டு மணி நேரம் வாசலில் நின்றால் தனி ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கான கோப்பு தானாகவே நகரும்.

கொதிகலன்:

எங்கள் ஆலையில் நகர்ந்தது. ஓட்டுநரை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். முதலுதவிப் பயிற்சி உண்டா என்று மட்டும் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.