மறு: ‘டார்க்’: திருப்புவிசையா, திருகா? (எண்டோஸ்கோபி இணையப் பாடம்)

நண்பர்களுக்கு வணக்கம். கேமரா வைத்த குழாயை உடலுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்கு நாம் தமிழில் எழுதும் இணையப் பாடத்தில் ‘டார்க்’ (torque) என்பதை எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ‘டார்க்’ என்பதற்குப் பள்ளி இயற்பியலிலேயே ‘திருப்புவிசை’ இருக்கிறது. மருத்துவத்துக்கென்று தனியாக ஒன்று எதற்கு?

ஐயா சொல்வது இயற்பியலுக்குச் சரி. அங்கே அது அளக்கும் பொருள், நியூட்டன் மீட்டரில் சொல்லலாம். எண்டோஸ்கோபி அறையில் மூத்தவர் ‘டார்க் கொடுங்க’ என்றால் யாரும் எதையும் அளப்பதில்லை. வலக்கை விரல்களில் பிடித்திருக்கும் குழாயை அதன் அச்சிலேயே சுழற்றச் சொல்கிறார், அவ்வளவுதான். ‘திருப்புவிசை கொடுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். புதிதாய் வந்த பிள்ளை சக்கரத்தைத் திருப்பிவிடும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதுதான் நாம் எழுதும் பாடத்தில் பாதி வேலை. கருவியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இடக்கையில் பிடிக்கும் தலைப்பகுதியில் இரண்டு சக்கரங்கள். பெரியது நுனியை மேலும் கீழும் வளைக்கும், சிறியது இடமும் வலமும். ஆள்காட்டி விரல் உறிஞ்சும் பொத்தானில், நடுவிரல் காற்றும் நீரும் விடும் பொத்தானில். மிச்சம் பெருவிரல் ஒன்றுதான். அது பெரிய சக்கரத்தை ஓட்டும். சின்னது எளிதில் எட்டாது, கை சிறியவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஆகவே கை பழகியவர்கள் சின்னச் சக்கரத்தை அதிகம் தொடுவதில்லை. பெரியதால் நுனியைச் சற்று வளைத்துக்கொண்டு குழாயை வலக்கையால் சுழற்றினால், வளைந்த நுனி தானே பக்கவாட்டில் திரும்பும்.

வீடியோவில் குடலின் உட்காட்சியை மட்டும் பார்க்கும் மாணவருக்கு எது சக்கரத்தின் வேலை, எது குழாயின் வேலை என்று பிரித்தறிவது கடினம். ஆகவே பாடத்தில் இரண்டு படச்சட்டங்கள் வேண்டும்: ஒன்றில் குடல், பக்கத்திலேயே செய்பவரின் இரு கைகள். சொல்லும் அதே போல இரண்டாகப் பிரிய வேண்டும். நுனிக்கு ‘வளைப்பு’, குழாய்க்கு ‘திருகு’ என்று முன்மொழிகிறேன். திசைக்கு வலத்திருகு, இடத்திருகு. வலஞ்சுழி, இடஞ்சுழி ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

> கையால் பழக வேண்டிய தொழில் இது. இணையத்தில் கற்றுக்கொடுக்க முடியுமா என்பதே என் கேள்வி. சொல் அப்புறம்.

அம்மா கேட்டது நியாயம். ஆனால் கண்ணும் கையும் இதில் வேறு வேறாகத் தேறுகின்றன. கண்ணுக்கு இணையம் உதவும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஜப்பானில் ஃபுகுவோகா பல்கலைக்கழகத்தின் கென்ஷி யாவ் குழு, இரைப்பைப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே இனங்காண ஓர் இணையப் பாடம் அமைத்துப் பல நாட்டு மருத்துவர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தது. 2016இல் முடிவு வெளியானது: பாடம் பார்த்தவர்கள் படச் சோதனையில் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள். குடல் எவ்வளவு சுத்தமாயிருக்கிறது என்று 0 முதல் 9 வரை மதிப்பெண் போடும் பாஸ்டன் அளவுகோல், பாலிப்பின் (குடல் சுவரில் வளரும் சதைமுளை) வடிவத்தை வகைப்படுத்தும் பாரிஸ் முறை எல்லாம் வீட்டில் உட்கார்ந்தே பழகலாம்.

கை வேறு கதை. பொம்மையிலோ சிமுலேட்டரிலோ தொடங்கி, பிறகு நோயாளியிடம் மூத்தவர் பக்கத்தில் நிற்கச் செய்துதான் தீர வேண்டும். பிரிட்டனில் பெருங்குடல் எண்டோஸ்கோபி செய்பவர் குறைந்தது 90% பேரிடம் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போய்ச் சேர வேண்டும் என்பது விதி. வீடியோ பார்த்து அந்த எண் வராது. ஆகவே நம் வரைவில் ‘மெய்நிகர்ப் பயிற்சி’ என்று இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டிருப்பதை எடுத்துவிட்டு, ‘கண் பயிற்சி’, ‘கைப் பயிற்சி’ என்று பிரிக்கக் கேட்கிறேன்.

(இடையில் ஒன்று. யாரோ தலைப்பில் ‘உள்நோக்கப் பயிற்சி’ என்று போட்டிருக்கிறார்கள். உள்நோக்கம் கற்பிக்கும் பாடம் அரசியலுக்கு ஆகும், நமக்கு வேண்டாம். கருவி ‘உள்நோக்கி’யாகவே இருக்கட்டும், தலைப்பில் எண்டோஸ்கோபி என்றே எழுதுவோம். நோயாளி கேட்டு வருவதும் அந்தப் பெயரைத்தான்.)

குழாய் குடலுக்குள் வளையமாகச் சுருண்டுகொள்ளும் ‘லூப்’ என்பதற்குக் ‘கண்ணி’ என்கிறேன். பெருங்குடலில் மலக்குடலுக்கு முன் வரும் சிக்மாய்டு பகுதி இடுப்புக்குள் கட்டில்லாமல் வளைந்து கிடக்கும். குழாயைத் தள்ளத் தள்ள நுனி முன்னேறாமல் குடல்தான் இழுபடும், சில நேரம் நுனி பின்னாலேயே வரும். நோயாளி வலியில் நெளிவது அப்போதுதான். நுனி இப்படிப் பின்வாங்குவதற்கு ‘எதிர்நகர்வு’. நுனி குடல் சுவரில் ஒட்டித் திரை முழுக்கச் சிவந்துபோவதற்குச் ‘செம்மறைப்பு’.

- - -

மறு: மறு: ‘டார்க்’

செம்மறைப்பு அருமை. ஆனால் ‘திருகு’ என்றால் எனக்குக் கோழிக் கழுத்தும் வாத்தியார் கையில் சிக்கிய காதும்தான் ஞாபகம் வருகின்றன. இந்தப் பாடத்தை நோயாளியின் வீட்டாரும் படிப்பார்கள். ‘உருட்டு’ என்று மென்மையாகச் சொன்னால் என்ன? விரல்களுக்கிடையில் உருட்டுவதுதானே?

- - -

மறு: மறு: மறு: ‘டார்க்’

‘உருட்டு’ இரைப்பைக்கு ஒருவேளை பொருந்தும். சிக்மாய்டில் கண்ணியை எடுக்க, குழாயை உறுதியாக வலப்பக்கம் சுழற்றிப் பிடித்தபடியே பின்னுக்கு இழுக்க வேண்டும். விட்டால் கண்ணி மறுபடி விழும். உருட்டுவதில் அந்தப் பிடி இல்லை. தவிர, இன்றைய பிள்ளைகளிடம் ‘டாக்டர் உருட்டுகிறார்’ என்று சொல்லிப் பாருங்கள், காது திருகுவதே தேவலை என்று தோன்றும்.

வீட்டார் படிக்கும் பக்கத்தில் ‘குழாயை மெல்லத் திருப்புவார்கள்’ என்று எழுதிவிடலாம். மாணவர் பக்கத்தில் இப்படி:

‘கண்ணி விழுந்தால் தள்ளாதீர்கள். காற்றைக் குறையுங்கள். வலத்திருகு கொடுத்தபடி மெல்லப் பின்னிழுங்கள். நுனி தானாக முன்னேறினால் கண்ணி விடுபடுகிறது என்று அறியுங்கள்.’

இதைச் சத்தமாக வாசித்துவிட்டு, எந்த இடத்தில் நாக்கு தடுக்குகிறது என்று எழுதுங்கள். ‘சிக்மாய்டு’வை அப்படியே விடலாமா என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதிலேயே வேண்டாம்.