பொருள்: கெல்லி கோட்டை எதிரே முளைக்குச்சி, ஆளுக்கு 200 வெள்ளி (ரிங்கிட்)

சரோஜா (மெல்பர்ன்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பணம் கேட்கப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் சுற்றி வளைத்தேன் என்பார் தேவா அண்ணன்.

என் தங்கை மகள் யாழினி போன மாதம் பேராக்கில் நம்ம ஊர் பத்து காஜாவுக்குப் போயிருந்தாள். கோப்பெங் சாலையில் கெல்லி கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால், செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் முளைக்குச்சிகள் அடித்திருக்கிறார்களாம், தலையில் சிவப்புப் பெயிண்ட். நம்ம முனியாண்டி கோயில் வேலியிலிருந்து கூப்பிடு தூரம். அறிவிப்புப் பலகை ஒன்றும் இல்லை. தேத்தண்ணிக் கடையில் கேட்டால் ஒருவர் பன்னிரண்டு மாடி கொண்டோ என்கிறார், இன்னொருவர் பெட்ரோல் நிலையம் என்கிறார், மூன்றாமவர் நீ பேப்பர்காரியா என்று அவளையே திருப்பிக் கேட்டிருக்கிறார்.

கொண்டோ வந்தால் அந்த வளைவில் கோட்டைக் கோபுரம் தெரியாது. எந்த வளைவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஸ்கூல் வேனில் யார் முதலில் பார்ப்பது என்று அடித்துக்கொள்வோமே அதுதான். ஈப்போவில் ஒரு டவுன் பிளானரைப் பிடித்து முறையாக ஆட்சேபம் எழுத வைக்க வேண்டும். ஆளுக்கு 200 வெள்ளி, மாதக் கடைசிக்குள்.

தேவா (சிங்கப்பூர்) எழுதியது:

சரோஜா, 200 பெரிய காசில்லை. ஆனால் கோயில் கூரைக்கு வசூலித்ததில் 1,340 வெள்ளி மிச்சம் என்று போன வருடக் கூட்டத்தில் சொன்னார்கள். அது யார் கணக்கில் இருக்கிறது? ஸ்டேட்மென்ட் கேட்டால் கட்டைவிரல் படம்தான் வருகிறது. பிளானர் தன் கட்டணத்தை எழுத்தில் கொடுத்தாரா, மீதி வந்தால் யார் கையில் இருக்கும், இதைச் சொல்லிவிட்டுக் காசு கேளுங்கள்.

அப்புறம், குச்சியைப் பார்த்ததும் ஏன் எல்லோருக்கும் கொண்டோ ஞாபகம் வருகிறது? நான் தோட்டத்து மண்டோர் (கங்காணி) மகன். செம்பனைக்கு இருபத்தைந்து வயதானால் மறுநடவு. அதற்கும் குச்சி அடிப்பார்கள், முக்கோணம் முக்கோணமாக, குச்சிக்குக் குச்சி ஒன்பது மீட்டர் வாக்கில். லீவு நாளில் கயிறு பிடிக்க அப்பா என்னைக் கூட்டிப் போவார். கயிற்றில் சிவப்புத் துணி முடிந்திருக்கும், முடிச்சு விழுகிற இடத்தில் குச்சி, ஒரு சாண் தப்பினால் முதுகில் அடி. யாழினி தூரத்தை அளந்து பார்த்தாளா, இல்லை படம் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாளா?

பச்சையம்மா (பெர்த்) எழுதியது:

கோட்டை கோட்டை என்று உருகுகிறீர்களே, அது யார் வீடு? ஸ்காட்லாந்திலிருந்து வந்த துரை 1915 வாக்கில் கட்ட ஆரம்பித்தார், 1926-ல் லிஸ்பனில் செத்துப்போனார், வீடு அரைகுறையாக நின்றது. கல் சுமந்தது மெட்ராசிலிருந்து வந்த நம்ம ஆட்கள். ஸ்பானிஷ் ஃபுளூவில் போனதும் நம்ம ஆட்கள். அவர்கள் கேட்டதால்தான் மாரியம்மன் கோயிலே வந்தது, அந்த நன்றிக்குக் கோயில் கூரையில் சாமிகளுக்கு நடுவில் துரையையும் தொப்பியோடு நிறுத்தி வைத்தார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போகிற கூட்டத்துக்கு இது எதுவும் தெரியாது, பேய்க்கதை கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

துரை வீடு மறைகிறது என்று என் பென்ஷனிலிருந்து 200 வெள்ளி எடுக்க மாட்டேன். முனியாண்டிக்கு என்றால் 500 தருகிறேன். தேவா, உன் அக்கா கல்யாணத்துக்கு எங்கள் வீட்டு அண்டா குண்டான் எல்லாம் வந்ததே, அப்போது யார் உன் அப்பாவிடம் ஸ்டேட்மென்ட் கேட்டது?

குணா (லண்டன்) எழுதியது:

அத்தை, கோபப்படாமல் படியுங்கள், கொஞ்சம் நீளம்.

எனக்கு இங்கே ஒரு நகர மன்றத்தில் இதேதான் வேலை, ஒரு கட்டடம் இன்னொன்றை மறைக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பது. செயின்ட் பால் தேவாலயத்துக்கு முன்னால் 1933-ல் ஒரு டெலிபோன் கட்டடம் எழும்பி, ஆற்றுப் பக்கமிருந்து பார்த்தால் பாதியை மறைத்தது. அதற்கப்புறம்தான் விழித்துக்கொண்டு, 1937-லிருந்து சுற்றுவட்டாரத்தில் இந்த இடத்தில் இவ்வளவு உயரத்துக்கு மேல் கூடாது என்று கணக்குப் போட்டு வைத்தார்கள். ரிச்மண்ட் பூங்காவில் ஒரு மேடு இருக்கிறது, அங்கிருந்து பத்து மைல் தள்ளி அந்தத் தேவாலயக் கும்மட்டம் தெரிய வேண்டும் என்பதற்காகச் செடிவேலியில் ஓட்டை விட்டு, அது அடைபடாமல் கத்தரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அப்படியும் 2016-ல் ஸ்ட்ராட்ஃபோர்டில் எழும்பிய ஒரு கோபுரம் கும்மட்டத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. முன்னால் எது வரக்கூடாது என்று கவனித்தவர்கள், அவ்வளவு தூரம் தள்ளிப் பின்னால் எது முளைக்கும் என்று பார்க்கவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 'எங்கள் கோட்டை மறைகிறது' என்று எழுதினால் அது புலம்பல், கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம், எதைப் பார்க்கிறோம், நடுவில் எத்தனை மீட்டர் வரை கட்டலாம், பின்னால் என்ன வரக்கூடாது, இவ்வளவும் வரைபடமாக வேண்டும். பிளானருக்குக் காசு கொடுப்பதானால் இதற்குத்தான் கொடுக்க வேண்டும், கண்ணீர்க் கடிதத்தை நம்மில் யாரும் எழுதிவிடலாம், பச்சையம்மா அத்தை நன்றாகவே எழுதுகிறார்கள்.

மலேசியாவில் காட்சியைக் காப்பாற்ற என்று தனிச் சட்டம் தேடாதீர்கள். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், 172-ஆம் சட்டம் என்பார்கள், அதன் கீழ் வருகிற ரான்சாங்கான் தெம்பாத்தான், அதாவது உள்ளூர்த் திட்டம்தான் பிடி. அந்த நிலம் அதில் விவசாயம் என்று இருக்கிறதா, குடியிருப்பு என்றா, உயர வரம்பு ஏதும் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். திட்டத்தைத் திருத்தும்போது வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபிக்கக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். நம்ம உயரக் கணக்கு ஏற வேண்டிய இடம் அது. கட்டடம் எழும்பியபிறகு கத்தி என்ன பயன்? பினாங்கு ஜார்ஜ் டவுனில் உயர வரம்பு 18 மீட்டர் என்று ஒரு எண் இருந்ததால்தான் உயரமான ஹோட்டல்களை எதிர்த்துப் பேச முடிந்தது. பத்துமலைப் பக்கம் 2012-ல் 29 மாடி கொண்டோ என்றதும் நம்மவர்கள் திரண்டார்களே, அங்கே மலை இருந்தது, முருகன் இருந்தார், கூட்டம் இருந்தது. நமக்கு இருப்பது இந்த நாற்பது பேர் மடற்குழு.

2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டமும் இருக்கிறது. ஒரு இடம் மரபுத் தளமாகப் பதிவானால், பக்கத்தில் கட்ட அனுமதி கேட்டு யாராவது வந்தால் மரபு ஆணையரின் கருத்தையும் மன்றம் பார்க்க வேண்டியிருக்கும். அது நீண்ட வேலை, இந்த மாதக் கடைசிக்குள் நடக்காது. அதோடு விவசாய நிலத்தில் கட்டடம் எழுப்ப நிலத்தின் வகையை மாற்ற வேண்டும், அதற்கு மாநில அரசு சம்மதிக்க வேண்டும். ஆகவே குச்சி அடித்தவுடன் கிரேன் வந்துவிடாது, மூச்சு விட நேரம் உண்டு.

இப்போது அத்தைக்கு. துரைக்காக வேண்டாம். ஆனால் அந்த மொட்டை மாடியில் ஏறி நின்றால் கீழே என்ன தெரிகிறது? வேலை செய்த நிலம், ஆறு. வீட்டை மட்டும் காப்பாற்றிவிட்டுச் சுற்றிலும் கொண்டோ நிறுத்தினால் அது யார் உழைப்பில் எழும்பியது என்பதே மறைந்துவிடும். வரைபடத்தில் கீழிருந்து மேலே ஒரு கோடு, மேலிருந்து கீழே ஒரு கோடு, இரண்டும் வேண்டும் என்பேன். சரோஜா அக்காவுக்கும் ஒன்று: அந்த வளைவில் இப்போதே செம்பனை பாதியை மறைக்கிறது. மரத்தை வெட்டு என்று எந்தத் திட்டமும் தோட்டக்காரரிடம் சொல்லாது. நிற்கிற இடத்தை ஆற்றுப் பாலத்துக்கு மாற்றினால் வாதம் உறுதியாக நிற்கும்.

கடைசியாக ஒன்று, இதுதான் தலைபோகிற விஷயம். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடமாக இருந்தால் பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் வரும், அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். பெர்த்தில் இருப்பவருக்கும் லண்டனில் இருப்பவருக்கும் வராது. முனியாண்டி கோயில் நிலத்துக்கு வரும், கிராண்டில் (நிலப் பத்திரத்தில்) எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயருக்கு. அந்தப் பெயர் யாருடையது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும் தெரியும். அவர் இருந்த லயத்து வீட்டையே இடித்துவிட்டார்கள், தபால்காரர் எங்கே போடுவார்? கிராண்டைப் பெயர் மாற்றாமல் பிளானருக்குக் காசு கட்டுவது வீண்.

யாழினி (ஈப்போ) எழுதியது:

பெரியம்மா, தேவா மாமா, நேற்று மறுபடி போனேன், டேப் எடுத்துக்கொண்டு. முக்கோணம் இல்லை. குச்சிகள் சாலைக்கு இணையாக ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன, தூரம் ஒரே மாதிரி இல்லை, ஒன்று 14 மீட்டர், அடுத்தது 31. மூலையில் ஒரு இரும்புக் குழாய், பக்கத்தில் சிமெண்டில் எண் எழுதியிருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். கோயில் வேலிக்கு இந்தப் பக்கமும் ஒரு குச்சி இருக்கிறது, அது நம்ம இடமா என்று எனக்குத் தெரியவில்லை.

தேவா (சிங்கப்பூர்) எழுதியது:

அது சர்வேயர் குச்சிதான், மறுநடவு இல்லை. 200 அனுப்பிவிட்டேன், ரசீது வேண்டும். 1,340 பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. முத்து, இந்த மடல்களையெல்லாம் நீ படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

முத்து (டொரன்டோ) எழுதியது:

படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கிராண்ட் அப்பா பெட்டியில் இருக்கிறது, பத்திரமாக. அப்பா காரியத்துக்கு இந்தக் குழுவிலிருந்து இரண்டு பேர்தான் வந்தார்கள், அதில் தேவா அண்ணன் இல்லை. பச்சையம்மா அத்தை போன் செய்து கேட்டால் தருகிறேன். வேறு யார் கேட்டாலும் வக்கீல் மூலம் கேட்கட்டும்.