ஐபோன் கல்யாண வீடியோ சிஸ்டத்துல ஓடல, போட்டோவும் தொறக்கல

கடலூர்க்காரன்:
திருவந்திபுரத்துல அக்கா கல்யாணம் முடிஞ்சு சித்தப்பா பையன் அவன் ஐபோன்ல எடுத்ததெல்லாம் பென்டிரைவ்ல குடுத்தான், நம்ம பழைய விண்டோஸ் 10 சிஸ்டத்துல போட்டா சத்தம் மட்டும் வருது, படம் கருப்பா நிக்குது, போட்டோ எல்லாம் ஹெச்இஐசின்னு இருக்கு தொறக்கவே மாட்டேங்குது. பேர ஜேபிஜின்னு மாத்தியும் பாத்தாச்சு, ம்ஹூம். அம்மா வேற தாலி கட்டுற சீன காட்டுடான்னு உயிர எடுக்குறாங்க. ஃபைல் கரப்ட்டா?

பாண்டிப்பையன்:
கரப்ட்லாம் இல்லண்ணே. 2017ல ஐபோனோட சாஃப்ட்வேர் ஐஓஎஸ் 11 வந்ததுலேர்ந்து புது ஐபோன்லாம் இப்டித்தான் சேவ் பண்ணும். பேர மாத்துனா உள்ள இருக்குறது மாறாது. வீடியோ ஃபைல் பேர் கடைசில இருக்குற எம்ஓவிங்கிறது வெறும் டப்பா, உள்ள படம் ஹெச்.265ங்கிற முறைல, சத்தம் ஏஏசிங்கிற முறைல சுருக்கி வெச்சிருக்கும், ஏஏசிய பிரிச்சு ஓட்டுற கோடெக் உங்க விண்டோஸ்லயே இருக்கு, ஹெச்.265க்கு இல்ல, அதான் சத்தம் மட்டும் கேக்குது. விஎல்சின்னு ஒரு வீடியோ பிளேயர் இருக்கு, அத போடுங்க, ஓடும்.

நெல்லிக்குப்பம்அக்கா:
ஓடும், ஆனா 4கேன்னா பழைய சிஸ்டம் திக்கும் தம்பி. ஹேண்ட்பிரேக்னு வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல போட்டு 1080 சைஸ்ல, பழைய முறையான ஹெச்.264ஆ மாத்திடு, ராத்திரி ஓடவிட்டு தூங்கு. போட்டோவுக்கு, அந்தப் பையன் போன்ல செட்டிங்ஸ்ல (புது ஐஓஎஸ்னா ஆப்ஸ்குள்ள) போட்டோஸ்ல பிசிக்கு டிரான்ஸ்ஃபர்னு இருக்கும், அதுல ஆட்டோமேட்டிக் வெச்சு கேபிள்ல இழுத்தா ஜேபிஜியாவே வரும். ஒரிஜினல மட்டும் அழிச்சிடாத.

கடலூர்க்காரன்:
விஎல்சில ஓடிருச்சு! நடுவுல லேசா திக்குது, அம்மா அத கண்டுக்கல, நாலாவது தடவ பாத்துட்டிருக்காங்க. போட்டோவுக்கு ஞாயித்துக்கிழம அவன் வரட்டும்.